வீட்டுப்பாடத்துக்குப் போன சீர்ச் சர்க்கரை

மாப்பிள்ளையின் அம்மா லல்லா ஸஹ்வா ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார். "என் அண்ணன் மக இருக்கும்போது வெளியில எதுக்குப் பொண்ணு?" என்று இரண்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், மொராக்கோவின் தாரூதாந்த் ஊரே வேடிக்கை பார்க்க, குதிரை வண்டியில் சீர் ஏற்றிக்கொண்டு லம்யாவின் வீட்டு வாசலில் வந்து நின்றதைப் போன வாரம் பார்த்தோம். பால், பேரீச்சம்பழம், மருதாணி, எல்லாவற்றுக்கும் மேலாக நீலக் காகிதம் சுற்றிய எட்டு சர்க்கரைக் கூம்புகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரே தன் கையால் கட்டிய பச்சை நாடா.

சர்க்கரை வீட்டுக்குள் போனால் சம்மதம். அதே சர்க்கரை திரும்பி வந்தால் பேச்சு முறிந்தது. இதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கல்யாணத்தன்று உடைத்துத் தேநீர் போடும்வரை அதை யாரும் தொடவும் மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட சர்க்கரையைத்தான் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, லம்யாவின் தங்கை நுஹைலா நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலிருந்து இறக்கினாள்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டுப்பாடம்.

வரலாற்று ஆசிரியர் உஸ்தாத் இதார் பத்து நாள் முன்னாலேயே சொல்லியிருந்தார். "உலகத்தைச் சுத்திட்டு வந்த ஏதாவது ஒரு பொருள் உங்க எல்லார் வீட்டுலயும் இருக்கும். அதைத் தூக்கிட்டு வாங்க. அது வந்த வழியை வகுப்புல சொல்லுங்க. போன்ல படம் காட்டுறவங்களுக்குப் பூஜ்யம்."

பத்து நாளில் அக்காவின் நிச்சயம் வந்தது, விருந்தாளிகள் வந்தார்கள், புதுச் செருப்பு வந்தது. வீட்டுப்பாடம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது வந்தது, வாய் நிறைய நுரையோடு.

சர்க்கரையின் கதை அவளுக்கு அத்துப்படி. ஆனால் கையில் சர்க்கரை இல்லை. மளிகைக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். முதல் வகுப்பு எட்டு மணிக்கு. அலமாரி மேலே எட்டுக் கூம்புகள் வரிசையாக நின்றன. ஓரத்தில் நின்றதன் காகிதம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

'இதை எடுத்தா யாருக்குத் தெரியப் போவுது? சாயங்காலம் திருப்பி வச்சிடலாம்.'

இந்த 'யாருக்குத் தெரியப் போவுது'வை நம்பிக் கெட்டவர்கள் கணக்கெடுத்தால் ஊர் மதில் நீளத்துக்கு வரிசை நிற்கும்.

அம்மாவும் அப்பாவும் கல்யாணத் துணி எடுக்க விடியற்காலை பேருந்தில் மராக்கேஷ் போயிருந்தார்கள். லம்யா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இன்று மதிய வேலை.

"அக்கா, நான் கிளம்பிட்டேன்!"

"டீ குடிச்சியாடி?"

"குடிச்சிட்டேன்!"

குடிக்கவில்லை. சர்க்கரைக் கூம்பைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பறந்தாள். துண்டு இரண்டாவது திருப்பத்திலேயே நழுவிவிட்டது. பச்சை நாடா காற்றில் படபடத்தது.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வழி. சுற்றுவழியில் போயிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. அவள் குறுக்கு வழியில் போனாள். அது சுஹைலின் தெரு. சுஹைல்தான் மாப்பிள்ளை, ஆரஞ்சுத் தோட்டக் கூட்டுறவில் வேலை. லல்லா ஸஹ்வா அவனைப் பெற்றவர்; 'லல்லா' என்பது இங்கே பெண்களுக்குப் போடும் மரியாதைச் சொல்.

சைக்கிள் சங்கிலி கழன்றது. எங்கே? சரியாக மாப்பிள்ளை வீட்டு வாசலில்.

தெருவெல்லாம் புழுதி. சீர்ச் சர்க்கரையைப் புழுதியில் வைக்க மனசு வருமா? கழுவித் துடைத்த வாசற்படி கண்ணில் பட்டது. கூம்பை அதன்மேல் பக்குவமாக நிறுத்திவிட்டு, குனிந்து சங்கிலியை மாட்டினாள். இரண்டு நிமிஷம். பிறகு எண்ணெய்க் கையோடு கூம்பைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

மாடி ஜன்னலில் நின்று விரிப்பு உதறிக்கொண்டிருந்த மூத்த மருமகள் பஹீஜா முழுவதையும் பார்த்தாள். முழுவதையும் பார்த்தவர்கள்தான் பாதியைப் புரிந்துகொள்வார்கள்.

"அத்தை! அத்தை! சர்க்கரை திரும்பி வந்துடுச்சு!"

லல்லா ஸஹ்வா மாவு பிசைந்துகொண்டிருந்தார். "எந்தச் சர்க்கரைடி?"

"நம்ம சர்க்கரை! பச்சை நாடா! அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு சைக்கிள்ல கொண்டாந்து நம்ம படியில வச்சா!"

லல்லா ஸஹ்வா மாவுக் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். படி காலியாக இருந்தது.

"எங்கடி?"

"அவளே திரும்ப எடுத்துட்டுப் போயிட்டா."

"வச்சாளா, எடுத்தாளா? ஒழுங்காச் சொல்லு."

"வச்சா. குனிஞ்சு என்னவோ பண்ணினா. அப்புறம் எடுத்தா."

"அது என்ன பழக்கம்? வேணாம்னு திருப்பிக் குடுக்கறதைக்கூட முழுசாக் குடுக்க மாட்டாங்களா அந்த வீட்டுல?"

சொல்லிவிட்டாரே தவிர, அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. படியில் ஒரு நீலக் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். ஜெல்லாபா அங்கியை எடுத்து மாட்டினார். "பஹீஜா, வாயைத் திறந்தே, தெரு முழுக்கப் பரவிடும். நான் வர்ற வரைக்கும் ரொட்டியைப் பாரு. என் மகன் வாழ்க்கை இது, புரியுதா?"

பஹீஜா வாயைத் திறக்கவில்லை. போனை மட்டும் திறந்தாள்.

*

லம்யா கதவைத் திறந்தாள். வருங்கால மாமியார். முன்னறிவிப்பு இல்லாமல். புருவத்தில் மாவு.

"வாங்க லல்லா, வாங்க. அம்மா ஊர்ல இல்லை..."

"உங்க அம்மாவைப் பார்க்க வரலை. என் சர்க்கரையைப் பார்க்க வந்தேன்."

லம்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே அழைத்துப்போய் அலமாரியைக் காட்டினாள். லல்லா ஸஹ்வா விரலை நீட்டி எண்ணினார். அவள் மனசுக்குள் எண்ணினாள். இரண்டு பேருக்கும் ஏழுதான் வந்தது.

"எட்டாவது எங்க?"

"தெரியலை லல்லா. சத்தியமாத் தெரியலை. நேத்து ராத்திரி எட்டும் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும். இன்னிக்குக் காலையில என் வாசப்படியில இருந்துச்சு. உனக்கு என் பையன் வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. சின்னப் பொண்ணுகிட்ட ஒண்ணொண்ணாக் குடுத்து அனுப்பாதே."

லம்யா கூம்புகளை இன்னொரு தரம் எண்ணினாள். சுஹைலுக்காக இரண்டு வருஷம். எத்தனை பேர் பெண் பார்க்க வந்தார்கள், எத்தனை பேரைத் தலைவலி என்று சொல்லித் திருப்பினாள். எல்லாம் கூடி வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. ஒரு கூம்புச் சர்க்கரையில் கல்யாணம் நின்றுபோகுமா?

அப்போதுதான் சமையலறை மேஜைமேல் விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள். தங்கையின் கோழிக் கிறுக்கல்: 'உலக வரலாறு. வீட்டிலிருந்து ஒரு பொருள். செவ்வாய்!!!' கீழே அவசர அவசரமாக, 'சர்க்கரை!' என்று எழுதி மூன்று கோடு போட்டிருந்தது.

"அட கழுதை!" என்று கத்தினாள் லம்யா. "உங்களை இல்லை லல்லா! அவளை! இதைப் பாருங்க, வீட்டுப்பாடம்!"

லல்லா ஸஹ்வா நோட்டைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் படித்தார்.

"உலக வரலாற்றுக்கு என் வீட்டுச் சர்க்கரை எதுக்கு?"

"தெரியலையே."

"அப்ப வா. போய்ப் பார்த்துடுவோம். அங்கே சர்க்கரை இருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இல்லேன்னா நீ கேளு."

வாசலில் குதிரை வண்டி காத்திருந்தது. இருவரும் ஏறினார்கள். ஒருத்தர் இந்தப் பக்கம் மதிலைப் பார்த்தார், ஒருத்தி அந்தப் பக்கம் ஆலிவ் மரங்களைப் பார்த்தாள். நடுவில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது.

லம்யாவால் தாங்க முடியவில்லை. "லல்லா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு என்னை ஏன் பிடிக்கலை?"

"யார் சொன்னா?"

"ரெண்டு வருஷமா நீங்கதான் சொல்லிட்டிருக்கீங்க. சுஹைல் அடம் பிடிச்சார்னுதானே வந்தீங்க. எனக்குத் தெரியும். நான் தப்பா எடுத்துக்கலை. ஆனா வலிக்குது."

லல்லா ஸஹ்வா அங்கி நுனியால் புருவத்து மாவைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியதுதான் மிச்சம்.

*

வகுப்பில் அப்போது நுஹைலாவின் முறை. அவளுக்கு முன்னால் ஒருவன் சீனப் பிளாஸ்டிக் கெண்டியைக் கொண்டுவந்து, "இது கப்பல்ல வந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். உஸ்தாத் இதார் பெருமூச்சு விட்டு முடிக்கவில்லை. நுஹைலா கூம்பை மேஜைமேல் நிறுத்தினாள்.

"இதை நாம நம்ம பொருள்னு நினைக்கறோம். முன்னாடி நிஜமாவே நம்ம பொருள்தான். நானூறு வருஷத்துக்கும் முன்னாடி இதே ஊருக்கு வெளியில கரும்பு ஆலைகள் இருந்துச்சு. இங்கிலாந்துக்காரங்க கப்பல் கொண்டாந்து வாங்கிட்டுப் போனாங்க. சுல்தான் தன் அரண்மனைக்கு இத்தாலியிலேர்ந்து பளிங்குக் கல் வாங்கினார். அதுக்கு எடைக்கு எடை சர்க்கரை குடுத்தாராம்."

"எடைக்கு எடையா?" என்றான் பின்வரிசையில் ஒருவன். "அப்ப அந்தக் கூம்புக்கு எங்க வீட்டு ஒரு படிக்கட்டு வரும்."

"அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுல, ஆப்பிரிக்காவுலேர்ந்து பிடிச்சுட்டுப் போன அடிமைகளை வச்சுக் கரும்பு போட்டாங்க. அது மலிவு. நம்ம ஆலை அழிஞ்சுது. அதுக்கு அப்புறம், நாமளே விளைவிச்சுக்கிட்டிருந்த சர்க்கரையை, பிரான்ஸ்ல மார்ஸேலேர்ந்து கூம்பு பிடிச்சு, நீலக் காகிதம் சுத்தி நமக்கே வித்தாங்க. நாம அதை வாங்கி பொண்ணு கேக்கப் போறோம்."

வகுப்பு கை தட்டியது. உஸ்தாத் இதாருக்கு முகமெல்லாம் பல். அவருக்கு மகிழ்ச்சி வந்தால் கேள்வி கேட்பார். அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு.

"உலகம் சுத்தின கதை சரி. இந்த ஒரு கூம்போட கதை என்ன? பொருள் தன்னைப் பத்தித் தானே சொல்லும். அடியைப் பாரு. என்ன எழுதியிருக்கு?"

நுஹைலா கூம்பைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் முத்திரை. "கட்டின தேதி... மார்ச்." வருஷத்தைப் படித்தாள். நிறுத்தினாள். இன்னொரு தரம் படித்தாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

கொல்லென்று சிரிப்பு.

"பழைய சர்க்கரையாடி உங்க அக்காவுக்கு?"

"ரெண்டு வருஷம் முன்னாடின்னா," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, கொஞ்சம் யோசித்து, "அது லல்லா ஸஹ்வாவோட அண்ணன் மகளுக்கு வாங்கி வச்சதா இருக்கும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை, வாயில் வந்துவிட்டது. ஆனால் வகுப்பு சட்டென்று அடங்கிப்போனது. ஏனென்றால் திறந்திருந்த கதவருகே லம்யா நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். வேறொருத்திக்கு வாங்கிய சர்க்கரையா என் தலையில் கட்டினார்கள்? அவள் கண் நிறைந்துவிட்டது.

"எவ அது?" என்ற குரல் அவள் பின்னாலிருந்து வந்தது.

லல்லா ஸஹ்வா லம்யாவை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மாணவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் எழுந்துதான் நிற்பார்கள்.

"அண்ணன் மகளுக்காம்! அவளுக்கு நான் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட வாங்கலை. அவ பேரைச் சும்மா வீம்புக்குச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

நுஹைலா கூம்புக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். கூம்பு அவ்வளவு அகலம் இல்லை.

உஸ்தாத் இதார் நாற்காலியை எடுத்துப் போட்டார். "உட்காருங்க லல்லா. பொருளும் இருக்கு, வாங்கினவங்களும் இருக்காங்க. இதைவிட நல்ல சான்று எங்க கிடைக்கும்? டேய், பேனாவை எடுங்க. எல்லாரும் எழுதுங்க."

நாற்பது பேனா தன்னைப் பார்த்து நிமிர்ந்ததும் லல்லா ஸஹ்வாவுக்குக் கொஞ்சம் கூச்சம் வந்தது. கோபம் இறங்கிவிட்டது. லம்யாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, மார்ச் மாசம், சுஹைல் வந்து உன் பேரைச் சொன்னான். அன்னிக்கே கடைக்குப் போய் ரெண்டு கூம்பு வாங்கினேன். மறுநாளே யாருக்கும் சொல்லாம, போர்வையைச் சுத்திக்கிட்டு, கூடையில சர்க்கரையை வச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். முறைப்படி வர்றதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை. கதவைத் தட்டினேன். 'அவளுக்கு வேற இடத்துல முடிவாயிடுச்சு'ன்னாங்க. கூடையோட திரும்பிட்டேன்."

"யார் சொன்னாங்க? எனக்கு எங்கயும் பேசவே இல்லையே!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? என் பையனை வச்சு விளையாடறியேன்னு ஒரே ஆத்திரம். வெளியில சொன்னா எனக்கும் அவமானம், அவனுக்கும் அவமானம். வேணாம், வேணாம்னு மட்டும் சொல்லிட்டிருந்தேன். ரெண்டு வருஷம் பார்த்தேன். எந்தக் கல்யாணமும் நடக்கலை. நீயும் எங்கயும் போகலை. அப்பதான் இதுல ஏதோ தப்பு இருக்குன்னு புத்தி வந்துச்சு. ஆறு கூம்பு புதுசா வாங்கினேன். அந்த ரெண்டையும் சேர்த்து எட்டாக் கட்டினேன். உனக்குன்னு வாங்கினதை வேற யாருக்குக் குடுப்பேன்?"

லம்யா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். போய் லல்லா ஸஹ்வாவின் தோளில் முத்தமிட்டாள். லல்லா ஸஹ்வா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டதில் அவள் கன்னத்திலும் மாவு ஒட்டியது. பெண்கள் வரிசையில் ஒருத்தி குலவையிட, பத்துப் பேர் சேர்ந்துகொள்ள, பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"இருபதுக்குப் பதினெட்டு," என்றார் உஸ்தாத் இதார். "ரெண்டு மார்க் குறைச்சது ஏன்னு கேளு. சான்றுப் பொருள் மேல சைக்கிள் எண்ணெய்க் கை வச்சிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள், நுஹைலாவைத் தவிர. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம். போர்வை சுற்றிய பெண். கூடை.

*

மணி அடித்தது. லம்யா முன்னால் போய் வண்டியில் ஏறிவிட்டாள். சுஹைலுக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் நாலு தெரு தாண்டி அவனுக்கு ஏற்கெனவே நாலு விதமாகச் செய்தி போயிருந்தது, பஹீஜாவின் கைங்கர்யம்.

கூம்பைச் சுமந்துகொண்டு வந்த நுஹைலாவைப் பள்ளி முற்றத்தில் லல்லா ஸஹ்வா நிறுத்தினார்.

"அடுத்த வீட்டுப்பாடம் என்னடி? இப்பவே சொல்லிடு. என் வீட்டுல எதையெதைப் பூட்டி வைக்கணும்னு தெரிஞ்சுக்கறேன்."

"முதல் உலகப் போர், லல்லா. உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம். ரெண்டும் எழுதணும்."

"ஓஹோ. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடந்த போருக்கு உடனடிக் காரணம் எனக்குத் தெரியும். அன்னிக்குக் கதவைத் திறந்தது ஒரு சின்னப் பொண்ணு. பதினஞ்சு வயசு இருக்கும். கன்னத்துல இந்த இடத்துல மச்சம்." விரல் வந்து நுஹைலாவின் இடது கன்னத்தில் சரியாகத் தொட்டது.

நுஹைலா கூம்பை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா போயிட்டா நான் தனியாப் படுக்கணும்னு... கூடையில சர்க்கரையைப் பார்த்ததும், பொண்ணு கேக்க யாரோ வந்திருக்காங்கன்னு பயந்து... நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது லல்லா. வாயில வந்துடுச்சு. சாயங்காலம் மறந்தே போயிட்டேன்."

"நீ மறந்துட்டே. நான் ரெண்டு வருஷம் மறக்கலை."

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"போன வெள்ளிக்கிழமை. எனக்குத் தேநீர் கொண்டாந்து நீட்டினே பாரு, அப்ப." லல்லா ஸஹ்வா அவள் காதைப் பிடித்து மெதுவாகத் திருகினார். வலிக்கிற திருகல் இல்லை. "எனக்குக் கோபம் போயிடுச்சு. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல ஒண்ணு என்னோடதுன்னா இன்னொண்ணு உன் அக்காவோடது. வகுப்புல நான் பேரைச் சொல்லலை. நீதான் சொல்லணும்."

வண்டியிலிருந்து லம்யா கை காட்டினாள். "ரெண்டு பேரும் அங்க என்ன குசுகுசுன்னு? சாப்பாட்டுக்கு வாங்க லல்லா, நானே சமைக்கறேன்! ஏய் நுஹைலா, அதைக் கொண்டா, இனிமே உன் கையில குடுக்க மாட்டேன்!"

நுஹைலா நடந்தாள். முற்றம் அவ்வளவு நீளம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. வண்டிப் படியில் ஏறி, சர்க்கரைக் கூம்பை அக்காவின் மடியில் வைத்தாள். லம்யா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிரிப்பு மாறாத முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பதினெட்டு வாங்கிட்டு அழறியா?"

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அடிக்கணும்னா அடி."

"சொல்லு."

"அன்னிக்குக் கதவைத் திறந்தது நான்தான்."